ஓட்டலுக்கு நட்சத்திரம் சரி, அத்தைக்கு நாற்காலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணக் கட்டுரைகளோடு நீங்கள் போடும் ஓட்டல் பட்டியல்களை விடாமல் படிப்பவன், சிலவற்றைக் கத்தரித்தும் வைத்திருக்கிறேன், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். எங்கே எது ருசி, சமையல்காரர் யார், உள்ளே அலங்காரம் எப்படி என்றெல்லாம் விவரமாக வருகிறது. பத்துப் பேரோடு போனால் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பது மட்டும் வருவதே இல்லை. எழுதுபவர் தனியாகப் போய்வருகிறார் போலிருக்கிறது. நாங்கள் அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள், நண்பனின் குடும்பம் என்று வண்டி நிறைய ஏறிப் போகிறவர்கள், அதில் ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குச் சர்க்கரை, ஒரு பிள்ளைக்கு எதைக் காட்டினாலும் வேண்டாம்.

ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கமே பயணத்திலிருந்து வந்ததுதான். பிரான்சில் மிச்சலின் என்ற டயர் நிறுவனம் 1900-இல் கார் ஓட்டுபவர்களுக்காக ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. மக்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள், அவ்வளவுதான் கணக்கு. 1926-இல் நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள், பிறகு அது மூன்று படியானது. இரண்டு நட்சத்திரம் என்றால் பாதையை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். ஓட்டுபவருக்கு இது சரி. பின் சீட்டில் பசியோடு அழும் பிள்ளையையும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவரையும் வைத்துக்கொண்டு யார் பாதையை விட்டு விலகுவது? இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரைக்கும் போகும். அவர்களுக்கு ‘காத்திருந்து சாப்பிட வேண்டிய இடம்’ என்று நீங்கள் பாராட்டி எழுதுவது எச்சரிக்கையாகத்தான் படுகிறது.

அப்படி ஒரு பேர்பெற்ற இடத்துக்கு நாங்களும் போனோம், பெயர் வேண்டாம். சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்களை மூன்று மேசைகளில் பிரித்து உட்காரவைத்தார்கள், தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒருவர் முடித்துக் கை கழுவும்போது இன்னொருவருக்கு முதல் தட்டே வரவில்லை, மேலே ஒலிபெருக்கியில் பாட்டு வேறு. சத்தமான இடத்தில் எல்லோரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள், பக்கத்து மேசையும் உயர்த்தும், இப்படியே ஏறிக்கொண்டு போகும். இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். இதில் முதலில் பேச்சிலிருந்து கழன்றுகொள்வது காது மந்தமானவர்கள். எங்கள் அத்தை, வண்டியில் வாய் ஓயாமல் பேசி வந்தவர், அங்கே தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த பிறகு அந்த ஓட்டலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

இன்றும் பேச்சில் வருவது வேறொரு இடம். மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டு, வண்டி நகராமல் நின்று, இருட்டிய பிறகு கண்ணில் பட்ட சாதாரணக் கடை, அடைக்கப் போகும் நேரம். அவர்களே மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள், அத்தைக்குக் கல்லாவில் இருந்த முதுகு சாய்க்கும் நாற்காலியை எடுத்து வந்து கொடுத்தார்கள், இருப்பது இவ்வளவுதான் என்று சொல்லி இருந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் இன்று ஆளுக்கொரு பதில் சொல்வோம். பசியும் குளிரும் பாதி ருசியைச் சேர்த்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் எதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது.

சாப்பாடு எப்படி முடிகிறது என்பதும் முக்கியம், அதைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைக்க வேண்டும், அது ஒரு முறை. இன்னொரு முறை அதே 60 வினாடி, அப்புறம் கூடுதலாக 30 வினாடி, அதில் தண்ணீர் மெல்ல ஒரு டிகிரி சூடாகும். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் கேட்டார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். குளிர்ந்த நீரும் குடும்பச் சாப்பாடும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். பில் வரும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சமமாகப் பிரிப்பது என்று முன்கூட்டியே தெரிந்தால், அவரவர் பில்லை அவரவர் கொடுக்கும்போது வாங்குவதைவிட அதிகமாகவே வாங்குகிறார்கள் என்று 2004-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது, ஓட்டலிலேயே ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தது. குறைவாகச் சாப்பிட்ட நண்பன் வாயைத் திறக்கமாட்டான், வண்டி கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பான், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் ஒரு வேளைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துக்கொண்டோம், கணக்குப் பார்த்தால் துல்லியமாக இராது, ஆனால் மேசையில் காசுப் பேச்சு நின்றுவிட்டது.

ஆகவே ஒரு கோரிக்கை. ருசியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இரண்டு வரி: பெரிய கூட்டம் ஒன்றாக உட்கார முடியுமா, பிரித்துப் போடுவார்களா; வாசலில் படி உண்டா, கைப்பிடி உண்டா; கூட்ட நேரத்தில் எவ்வளவு காக்கவேண்டும்; சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்களா. கழிப்பறை எந்த மாடியில் என்பதை எழுதினால் பெரியவர்களோடு போகிற எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள், சுத்தமாக இருக்கிறதா என்றும் எழுதினால் நானே இன்னொரு கடிதம் போடுகிறேன். இடமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், போன வாரம் ஒரு ஓட்டலின் தொங்கு விளக்குகளுக்கே ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள்.

இப்படிக்கு,
கூட்டத்தோடு பயணம் போகும் ஒரு வாசகன்