ஏற்றிப் பார்த்து வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி எவ்வளவோ தேவலை. உன் வீட்டுக் குளிர் இங்கே இல்லையே, அதுதான் காரணம் என்கிறாள்.

நீ அனுப்பிய ஜன்னல் படத்தைப் பார்த்தோம். மெழுகுவத்தி வைக்கிற கண்ணாடிக் கிண்ணங்களை அம்மா எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, "இவளுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். நான் உன் கட்சிதான். டிசம்பர் பாதிக்கு மேல் ஹெல்சின்கியில் பகல் 6 மணி நேரம்கூடக் கிடையாது. நாலு மணிக்கே கும்மிருட்டாகிற ஊரில் மனுஷன் விளக்கு சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பான்? உங்கள் பின்லாந்தின் சுதந்திர தினமான டிசம்பர் 6 அன்று ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டிரண்டு மெழுகுவத்தி எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பனிக்கு நடுவே அத்தனை சுடர்கள்! நம் ஊரில் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஏற்றுவார்களே, அதே பழக்கம்தான். என்ன, அங்கே மைனஸ் குளிரில்.

சேர்க்கிறதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ தேர்ந்தெடுக்கிற விதத்தில்தான் கொஞ்சம் உண்டு. பழைய சாமான் கடையில் எதை எடுத்தாலும் முதலில் அந்தச் சிவப்பு ஈத்தாலா கம்பெனி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடுகிறாய். வீட்டுக்கு வந்த பிறகும் அதை உரிக்க மாட்டேன் என்கிறாய். ஸ்டிக்கரா எரியப் போகிறது? அடுத்த முறை போன் டார்ச்சைப் போட்டு, மேலே ஒரு கைக்குட்டையைச் சுற்றி, கண்ணாடிக்குள் பிடித்துப் பார். கடை வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் உள்ளே விளக்கு வைத்தால் வேறு மாதிரியும் இருக்கும். அப்போதும் டார்ச் வெளிச்சம் வெள்ளை, சுடரின் வெளிச்சம் மஞ்சள் என்பதை மறக்காதே. மெழுகுவத்திச் சுடரில் நீல நிறம் ரொம்பக் குறைவு. அதனால்தான் அலமாரியில் ஜொலிக்கிற உன் கோபால்ட் நீலக் கண்ணாடிகள் ராத்திரியில் ஏற்றியதும் கறுத்துப் போகின்றன. தேன் நிறமும் வெளிர் சாம்பலும் அந்தச் சுடருக்குப் பொருந்தும். நிறமே இல்லாதது எல்லாவற்றையும் விட நல்லது என்பது என் கட்சி. கெமிஸ்ட்ரி வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது அந்தக் காஸ்தெஹெல்மிதான், முத்து முத்தாக வளையம் போட்டது. வடிவமைப்பாளர் ஒய்வா தொய்க்கா 1964இல் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அச்சில் அழுத்திச் செய்கிற கண்ணாடியில் அச்சு சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அதை மறைக்க என்ன வழி என்று யோசித்துத்தான் மேலெல்லாம் துளிகளைப் பதித்தார். விரலால் தடவிப் பார், கோடு எங்கே போகிறது என்று தேடத்தான் வேண்டும். ஏற்றினால் ஒவ்வொரு துளியிலும் ஒரு குட்டிச் சுடர் தெரியும். ஹெய்க்கி ஒர்வொலா 1988இல் செய்த கிவி அதற்கு நேர் எதிர். தடித்த கண்ணாடி, 6 செ.மீ. உயரம், அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை. அதுவும் நல்ல சாமான்தான், ஆனால் அதில் பத்து நிறம் எதற்கு?

சரி, இனி சொல்லப் போவதைக் கவனமாகப் படி. வீட்டில் நடக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கிறது.

டீ லைட் என்கிற அந்தக் குட்டி மெழுகுவத்தி எரியும்போது அதன் அலுமினியக் கிண்ணத்து மெழுகு முழுக்க உருகித் திரவமாகிவிடும். நீ அழகுக்காக நெருக்கி நெருக்கி வைக்கிறாய். ஒன்றின் சூடு இன்னொன்றில் ஏறினால் திரியை விட்டு மெழுகே தீப்பற்றும். இரண்டுக்கு நடுவே ஒரு சாண் விடு. தீக்குச்சித் துண்டு உள்ளே விழுந்து கிடந்தாலும் ஆபத்துதான், அது இரண்டாவது திரியாகிவிடும். அப்படிப் பெரிதாகப் பற்றிக்கொண்டால் தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதே. தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரிகிற மெழுகை நாலா பக்கமும் தெறிக்க வைக்கும். மேலே ஒரு உலோக மூடியையோ தட்டையோ போட்டு மூடு, காற்றில்லாமல் தானே அணையும். ஜன்னல் திரைச்சீலையையும் கொஞ்சம் தள்ளிக் கட்டு.

ஒட்டின மெழுகைக் கத்தியால் சுரண்டுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். கீறல் விழுந்த இடத்தில்தான் கண்ணாடி பின்னால் விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மேற்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏற்று. இளகினதும் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடு. அந்தத் தண்ணீரை ஆறவிட்டு, மேலே உறைந்து மிதக்கிற மெழுகை எடுத்த பிறகு கொட்டு, இல்லையென்றால் சிங்க் அடைத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கிக் கழன்று வரும் என்பது உண்மைதான். பழைய கண்ணாடியை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

அப்புறம், இவ்வளவு பேசிவிட்டு அம்மாவே தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். கரண்ட் போனால் ஏற்ற வேண்டுமாம். அவளுக்குக் கிவி சரிப்படாது. நம் வீட்டில் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றுக்குக் குட்டைக் கண்ணாடியில் சுடர் நிற்காது. வெள்ளைக்காரன் காலத்தில் கூரையில் தொங்கவிட்டு ஆள் இழுக்கிற பங்கா விசிறியின் காற்றில் அணையாமல் இருக்க உயரமான கண்ணாடிக் கூண்டுகளை மெழுகுவத்திக்கு மேல் கவிழ்த்து வைத்தார்கள். அந்த மாதிரி உயரமாக, நிறமில்லாததாக ஒன்று கிடைத்தால் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக் கொண்டு வா. மெழுகுவத்தி வேண்டாம், அது நம் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா