நான்கு நிமிடம் எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய துப்பறியும் தொடர்களின் வட்டுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐரோப்பிய டிவிடிகளில் கதைக்கு மூன்று நான்கு நிமிடம் வெட்டப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

கொலம்போ 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட தொடர். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடும். ஐரோப்பாவின் 'பேல்' என்ற தொலைக்காட்சி முறைக்கு 25 வேண்டும். பெரும்பாலும் செய்வது இதுதான்: எதையும் கூட்டாமல், குறைக்காமல், 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவார்கள். 98 நிமிடக் கதை 94-இல் முடியும், 76 நிமிடக் கதை 73-இல். ஒரு ஃபிரேம்கூடக் குறைந்திருக்காது. ஆனால் குரல் ஏறும். சரிசெய்யாமல் விட்டால் அரைக்கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி கூடும். கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்கின் கரகரப்பு கொஞ்சம் மெலிந்து கேட்பது இதனால்தான். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு முதல் காட்சியிலேயே பிடிபடும். மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உண்மையான வெட்டைக் கண்டுபிடிக்கக் கணக்கு எளிது. அமெரிக்க வட்டின் நேரத்தை 0.96-ஆல் பெருக்குங்கள். வரும் விடை பேல் வட்டின் நேரத்தோடு ஒத்துப்போனால் அது வேகம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இடித்தால் சந்தேகப்படலாம். மறுஒளிபரப்புக்காக விளம்பர இடம் கூட்டி வெட்டிய பிரதி என்றால், காட்சி மாறும் இடத்தில் பின்னணி இசை திடுக்கென்று தாவும்.

ஒரே தொகுப்புக்குள் ஒரு கதையை இன்னொன்றோடு ஒப்பிடவும் கூடாது. 1971 முதல் 1978 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய காலத்தில் சில கதைகள் 90 நிமிட இடத்துக்கும், சில இரண்டு மணி நேர இடத்துக்கும் எடுக்கப்பட்டவை. விளம்பரம் போக முதல் வகை சுமார் 75 நிமிடம் வரும். இரண்டாவது 95-ஐத் தாண்டும். 'மெக்கிளவுட்', 'மெக்மில்லன் அண்ட் வைஃப்' ஆகிய துப்பறியும் தொடர்களோடு முறைவைத்து ஒளிபரப்பானபோது எல்லாவற்றுக்கும் பொதுவான முகப்புக் காட்சி ஒன்று முன்னால் ஓடும். ஒரு வட்டில் அது இல்லையென்றால் அதிலும் சிறிது நேரம் குறையும். கதைக்குச் சேதமில்லை.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதற்கு நேர் எதிரான ஆபத்து. பேல் வட்டில் முழு 98 நிமிடமும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் தொலைக்காட்சி முறையான 'என்டிஎஸ்சி'யில் பதிந்த வீடியோ டேப்பிலிருந்து மாற்றியிருந்தால் நேரம் குறையாது, படம்தான் கெடும். பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்து ஒன்றாக்கியிருப்பார்கள். கொலம்போ கையை ஆட்டிப் பேசும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். சுருட்டு பிடித்த கை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தால் அது டேப் வழி வந்த பிரதி. வேகம் கூட்டிய பேல் வட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

வெட்டு என்று பேசுவதானால் உயரத்தில் நடக்கும் வெட்டைப் பேசலாம். 1970-களின் கதைகள் அகலம் 4-க்கு உயரம் 3 என்ற 4:3 அளவில் அமைக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்ப 16:9 ஆக்கினால் மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு போய்விடும். 1971-இல் வந்த 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' கதையில், கோட்டுப் பையிலிருந்து கைகள் வெளியே வரும் ஓர் அசைவில் வழக்கு முடிகிறது. இப்படி இடுப்பளவில் நடக்கிற கதையில் கீழ்ப்பகுதியைச் சீவுவது நியாயமா? வட்டு ஒழுங்காக இருந்தும் டிவியின் 'ஜூம்', 'வைடு' அமைப்பு கெடுப்பதுண்டு. சுவர்க் கடிகாரம் முட்டை வடிவில் தெரிந்தால் ரிமோட்டில் 4:3-க்கு மாற்றுங்கள். இருபுறமும் கருப்புப் பட்டை வரும். வரத்தான் வேண்டும்.

பழைய தொடர்கள் பலவற்றை இருபக்க டிவிடியில் வெளியிட்ட காலம் ஒன்று உண்டு. படம் அச்சிட இடமில்லாமல், நடுத்துளையைச் சுற்றிப் பொடி எழுத்து மட்டும் இருக்கும். பக்கத்துக்கு இரண்டு அடுக்கு உள்ளவை கீறலே இல்லாமலும் பழுதாகும். உள்ளே அடுக்குகளை ஒட்டியிருப்பது சரியாக அமையாததுதான் காரணம். முதல் அடுக்கு விளிம்பில் முடிய, இரண்டாவது அங்கிருந்தே உள்நோக்கித் தொடங்கும். அதனால் படம் பாதி ஓடியபின்தான் உறைந்து நிற்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பது அவசியம். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்த கீறலைத்தான் ஒளிக்கதிரால் சமாளிக்க முடியாது.

ப்ளூ-ரேயில் 24 ஃபிரேமை அப்படியே பதியலாம் என்பதால் நேரத் தகராறு பெரும்பாலும் இல்லை. தொடர் தொடங்குமுன் சோதனையாக எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்து 1970-கள் வரையிலான 45 கதைகள் அமெரிக்காவில் 2023-இல் ப்ளூ-ரேயாக வந்தன. வாங்குமுன் பிராந்தியக் குறி, அதாவது வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற குறி பாருங்கள். டிவிடியில் அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. ப்ளூ-ரேயில் அமெரிக்காவுக்கு ஏ, இந்தியாவுக்கு சி. டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் எண் தட்டிப் பூட்டைத் திறக்கலாம், ப்ளூ-ரேயில் அது அவ்வளவு சுலபமில்லை.

இனி இத்தகைய பட்டியல் வெளியிடும்போது நேரத்தோடு பேலா என்டிஎஸ்சியா, 4:3-ஆ 16:9-ஆ, வட்டு ஒருபக்கமா இருபக்கமா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடக் கோருகிறேன். 'வெட்டப்பட்டது' என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்