எங்களைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். பிரச்சினையைக் கொடுத்த அமைப்பு, வழிகாட்டிய பேராசிரியர், துறை அலுவலகம் என்று எழுதி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். அந்த அரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் என் படிப்பில் பெரும்பகுதியைச் சொல்லிக்கொடுத்தவர்கள். இந்த மடல் அவர்களுக்கு. பெயர்களை எழுதவில்லை. படித்தால் யார் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நான் படித்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், வூஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்டில். டபிள்யூ.பி.ஐ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1865-இல் நிறுவப்பட்ட பழைய கல்வி நிலையம். 1970-இல் அங்கிருந்த ஆசிரியர்கள் பழைய பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, ப்ராஜெக்ட் செய்யாமல் பட்டம் இல்லை என்று ஒரு புதுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். சில்லறை விஷயங்கள் பிறகு மாறியிருக்கின்றன, அடிப்படை இன்னும் அதுதான். மூன்றாம் ஆண்டு வாக்கில் ஐ.க்யூ.பி. என்று ஒன்று வரும். வேறு வேறு துறை மாணவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தொழில்நுட்பமும் மனிதர்களின் வாழ்க்கையும் உரசிக்கொள்கிற ஒரு பிரச்சினையை எடுத்துச் செய்ய வேண்டும். கடைசி ஆண்டில் எம்.க்யூ.பி., அது சொந்தத் துறையில். இவை போக இலக்கியம், வரலாறு, இசை பக்கமும் ஒதுங்கிச் சில பாடங்களை முடிக்க வேண்டும்.

ஆண்டுக்கு நான்கு பருவம், ஒவ்வொன்றும் ஏழு வாரம், ஒரு பருவத்தில் மூன்று பாடம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஏழில் ஒரு பங்கு பாடம் போச்சு. மதிப்பெண் ஏ, பி, சி மூன்றுதான். அதற்குக் கீழே போனால் பதிவேட்டில் எதுவும் ஏறாது. இதைச் சொன்னபோது ஊரில் மாமா, "அப்போ பெயிலே கிடையாதா?" என்று சந்தேகமாகக் கேட்டார். கிடையாதுதான். ஆனால் கட்டிய பணம் வராது, தேவையான பாடமென்றால் மறுபடி உட்கார வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தது. மின் பொறியியல் படிக்கிற ஒருவர் துணிந்து போய் மண் இயக்கவியல் வகுப்பில் உட்கார முடிந்தது இதனால்தான். அந்த வகுப்பில் என்னை வெளியாளாகப் பார்க்காமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த சிவில் நண்பர்களுக்கு முதல் நன்றி.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் எளிதில் தெரியாது. இப்படிப்பட்ட படிப்பு ஓட வேண்டுமென்றால், அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகள் தங்கள் வேலையில் வந்து குறுக்கே நிற்பதைப் பொறுத்துக்கொள்கிற ஆட்கள் ஊரெங்கும் வேண்டும். கிரெடிட் எங்கள் பதிவேட்டில் ஏறுகிறது. செலவானது அவர்களுடைய வேலைநேரம். சம்பளத்தில் அதற்கென்று யாரும் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

முதல் ஆண்டில் பெரும் பிரச்சினைகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு வகுப்பு உண்டு, 2007-இல் தொடங்கியது. இரண்டு துறைப் பேராசிரியர்கள் சேர்ந்து நடத்துவார்கள். எங்களுக்குத் தண்ணீர் தலைப்பு. சுவரொட்டியில் "மக்களுக்குப் பயன்படும்" என்று எழுதியிருந்தோம். இருவரில் மூத்தவர் அதை வட்டமிட்டு, "எந்த மக்கள்? குழாயைத் திறக்கிறவரா, குழாயைப் பழுது பார்க்கிறவரா, கட்டணம் கட்டுகிறவரா?" என்று கேட்டார். மூவருக்கும் ஒரே தீர்வு சரிப்படாது என்று புரிய எங்களுக்கு அந்தப் பருவம் முழுவதும் ஆனது. ஐயா, அந்த வட்டத்துக்கு நன்றி.

என் ஐ.க்யூ.பி. இத்தாலியின் வெனிஸில். கால்வாய்ப் படகுகள் எழுப்பும் அலையும் அதனால் கட்டடங்களுக்கு வரும் சேதமும்தான் தலைப்பு. டபிள்யூ.பி.ஐ. மாணவர்கள் 1988 முதல் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். போவதற்கு முந்திய பருவத்தில் எப்படிக் கேள்வி கேட்பது, எப்படி ஆய்வை அமைப்பது என்று ஒரு தயாரிப்பு வகுப்பு. மனிதர்களிடம் பேட்டி எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்க வேண்டும். இயந்திரங்களோடு மட்டும் பேசிப் பழகிய எங்களுக்கு இதெல்லாம் வீண் காகித வேலையாகத் தெரிந்தது. வகுப்பை நடத்திய ஆசிரியை, "படகு எழுப்பும் அலையால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சேதம்?" என்ற எங்கள் கேள்வியை அடித்துவிட்டு, "உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மாற்றினார். ஒரு வரிதான். அந்த வரி இல்லாமல் போயிருந்தால், ஏற்கெனவே நினைத்துவைத்திருந்த பதிலையே வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம்.

ஏனென்றால் சுவரைப் பற்றிக் கேட்டதும் பலரும் படகை விட்டுவிட்டு உப்பைப் பற்றிப் பேசினார்கள். இங்கே ஓய்வுபெற்ற ஒரு கொத்தனாருக்கு நன்றி சொல்ல வேண்டும். வெனிஸின் பழைய கட்டடங்களில் அடிப்பகுதியில் இஸ்திரியக் கல் வைத்திருப்பார்கள், அது தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மேலே செங்கல். முன்பு நீர்மட்டம் கல்லோடு நின்றது. இப்போது கல்லைத் தாண்டிச் செங்கலைத் தொடுகிறது. செங்கல் உப்புநீரை மேலே இழுக்கும். நீர் ஆவியாகும், உப்பு உள்ளே தங்கிப் படிகமாகும், அந்தப் படிகம் வளர்ந்து செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். இதை அவர் தன் வீட்டு வாசலில் நகத்தால் சுரண்டிக் காட்டினார். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் சுவர் மூச்சுவிடுமாம். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுமாம். நூலகத்தில் இதே விஷயத்தைக் கட்டுரையாகப் படித்திருந்தேன், ஆனால் மண்டையில் ஏறியது அந்த வாசலில்தான்.

அடுத்து சரக்குப் படகுக்காரர். த்ரொங்கெத்தோ தீவில் விடியற்காலையில் சரக்கு ஏற்றுகிற நேரத்தில் எங்களில் இருவரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். படகுகள் ஏன் வேக வரம்பைத் தாண்டுகின்றன என்று நாங்கள் ஒரு வாரமாகப் பாலத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். நீர் ஏறினால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் சரக்கோடு நுழைய முடியாது, அதற்குள் திரும்பியாக வேண்டும் என்று அவர் விளக்கினார். "நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள், ஓதத்தின் உயரத்தையும், அதாவது கடல்நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும், பக்கத்திலேயே எழுதுங்கள்" என்றார். எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி கூடியது, அறிக்கையின் முடிவே அந்தப் பத்தியிலிருந்துதான் வந்தது. அந்தப் பயணத்தில் எங்களால் அவருக்கு வேலை தாமதமானது என்பது எனக்குத் தெரியும். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. அவர் பேசியதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அந்த ஊர் மாணவிக்கும் நன்றி. வசவுகளை மட்டும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

எம்.க்யூ.பி.க்கு வருகிறேன். வூஸ்டர் குன்றுகளின் ஊர். பெருமழை பெய்தால் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் சேரும். 1828-இல் திறந்த பிளாக்ஸ்டோன் கால்வாய் இப்போது நகரின் தெருக்களுக்கு அடியில் மூடப்பட்டுக் கிடக்கிறது. மழைநீர் வடிகாலின் ஆள்நுழைவுக் குழிக்குள் இருந்தபடி நீர்மட்டத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் மலிவான சென்சார் ஒன்றைச் செய்வது எங்கள் வேலை. ஒலி அலையை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் வகை.

பேராசிரியர் வாராவாரம் எங்களைச் சந்திப்பார். கூட்டத்துக்கு நிரல் போடுவதும் நடத்துவதும் குறிப்பெழுதுவதும் நாங்கள்தான். பெரும்பாலும் அவர் பேசவே மாட்டார். ஒரு நாள், "குழிக்குள் இப்போது என்ன வெப்பநிலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். 20 டிகிரியில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும், 0 டிகிரியில் 331. குழிக்குள் 0 டிகிரி இருக்கும்போது 20 டிகிரி என்றே வைத்துக் கணக்கிட்டால் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஏழு சென்டிமீட்டர் பிசகும். அதுவும் தண்ணீர் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதாகக் காட்டும். வெள்ள எச்சரிக்கைக் கருவிக்கு இதைவிட மோசமான பிசகு வேண்டாம். விடையைச் சொல்லாமல் எழுந்து போனதற்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு நன்றி.

ஆனால் கருவியைக் காப்பாற்றியவர்கள் நகரின் வடிகால் ஊழியர்கள். மாணவர்கள் குழிக்குள் இறங்கக் கூடாது. அவர்கள்தான் முதலில் வாயு அளவியை உள்ளே விட்டு, ஆக்ஸிஜன் போதுமா, நச்சு வாயு உண்டா என்று பார்த்துவிட்டு இறங்கினார்கள். இரும்பு மூடியைப் போட்டதும் எங்கள் சமிக்ஞை காணாமல் போனது. சரி, ஆன்டெனாவை மூடிக்கு மேலே வைத்துவிடலாம் என்று படம் வரைந்து காட்டினோம். மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பனி வாரும் வண்டி வரட்டும், முதல் நாளே சீவிக்கொண்டு போய்விடும்" என்றார். பிறகு மூடியைத் தூக்கக் கம்பி விடுகிற துளையைக் காட்டினார். அதற்குள் சாலை மட்டத்துக்குக் கீழேயே ஆன்டெனாவின் நுனி வந்து நின்றது, சமிக்ஞை கிடைத்தது. வடிவமைப்பில் அந்தப் பகுதி எங்களுடையதே இல்லை, அவருடையது. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

ஆய்வகத் தொழில்நுட்பருக்கும் பட்டறைக்காரர்களுக்கும் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னச் செய்தி. டபிள்யூ.பி.ஐ.யில் 1908-இல் பட்டம் பெற்ற ராபர்ட் கொடார்ட், 1926 மார்ச் 16 அன்று பக்கத்து ஊரான ஆபர்னில் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். இரண்டரை விநாடி, சுமார் 12 மீட்டர் உயரம். அந்த ராக்கெட்டுக்குத் தீ வைத்தவர் ஹென்றி சாக்ஸ் என்ற பட்டறைக் கைவினைஞர். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எங்கள் பட்டறையிலும் அப்படி ஒருவர் இருந்தார். சென்சார் பெட்டியின் மூடியில் வைத்த ரப்பர் வளையம் ஏன் கசிகிறது என்று விரலால் தடவியே கண்டுபிடித்தார். பள்ளம் ஆழமாகிவிட்டது, வளையம் அழுந்தவே இல்லை. மறுபடி கடைந்து கொடுத்தபோது மணி ஆறு. அவருடைய வேலைநேரம் முன்பே முடிந்திருந்தது.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளை கார்டன் நூலகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றில் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். எது வேலை செய்யவில்லை, பேட்டரி குளிரில் எப்படிப் படுத்தது, எந்த அலுவலகத்தில் பதில் வர மாதக்கணக்காகும் என்று சிலர் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள். வெற்றியை மட்டும் எழுதிய அறிக்கைகள் எங்களுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. தோற்ற விதத்தை எழுதிவைத்த அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் எங்கள் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தோம்.

எழுத்து உதவி மையத்தில் இருந்த மாணவருக்கு: என் முன்னுரையை நான்கு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாக்கியதற்கு நன்றி. அப்புறம் என் குழுவினருக்கு. நாம் சண்டை போட்டோம், அதை இங்கே மறைக்கப்போவதில்லை. ஏழு வாரத்தில் ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கவும் வேண்டும், வேலையும் முடிய வேண்டும் என்றால் சண்டை வராமல் இருக்காது. யார் எதைச் செய்தார் என்று வாரந்தோறும் எழுதிவைக்கலாம் என்று சொன்னவர் நம்மில் மிகக் குறைவாகப் பேசுகிறவர். அந்தத் தாள்தான் நம்மைச் சேர்த்துவைத்தது.

அம்மா அப்பாவுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். பத்தரை மணி நேர வித்தியாசத்தில், ஒலி அலையைப் பற்றியெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி செய்தி. சென்சார் அறிக்கை நூலகத்தில் சேர்ந்துவிட்டது. வடிகால் ஊழியர்கள் கேட்ட ஒரு பக்கக் குறிப்பு, பேட்டரி மாற்றும் முறை படத்தோடு, மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. வெனிஸ் அறிக்கையின் சுருக்கம் இத்தாலிய மொழியில் கொத்தனாருக்கும் படகுக்காரருக்கும் போய்விட்டது. அடுத்த ஆண்டுக் குழு இந்த வேலையைத் தொடரப்போகிறது. அவர்கள் உங்களிடம் வந்து இதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள். கொஞ்சம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுவைக்கிறேன்.

நன்றியுடன்,
மின் மற்றும் கணினிப் பொறியியல் முடித்த உங்கள் மாணவர்களில் ஒருவர்