வங்கியை மாற்றுங்கள், பழைய கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிக் கிளைகளில் மக்கள் அலைக்கழிக்கப்படுவது பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பாஸ்புக் பதியும் இயந்திரம் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கிறது, 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்கிறார்கள், எதற்கென்றே சொல்லாமல் பணம் பிடிக்கிறார்கள் என்ற புகார்கள் எல்லாமே நியாயமானவை. வெறுத்துப்போய் வேறு வங்கிக்குப் போக நினைப்பதிலும் தவறில்லை. ஆனால் கோபத்தோடு கோபமாகப் பழைய கணக்கை அன்றைக்கே மூடிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். அரசு உதவித்தொகை நின்றுவிடும், வீட்டுக்கடன் தவணை திரும்பிவிடும், வருமான வரி ரீஃபண்ட் எங்கோ மாட்டிக்கொள்ளும். மாற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அதை விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில், கோளாறு கிளையிலா, வங்கியிலா என்று பாருங்கள். ஆள் பற்றாக்குறையும் முகம் கொடுத்துப் பேசாததும் பெரும்பாலும் கிளையின் பிரச்னை. அதற்கு வங்கியையே மாற்ற வேண்டாம். அதே வங்கியின் பக்கத்துக் கிளைக்குக் கணக்கை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தால் போதும். சில வங்கிகளில் இணையவழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான வங்கிகளில் கணக்கு எண் அப்படியே இருக்கும், கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மட்டும் மாறும். ஒரு கிளையில் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முழுமையாக முடிந்து, புதுப்பிக்கும் கெடுவும் வராமல் இருந்தால், இன்னொரு கிளை அதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மறைமுகக் கட்டணம், அடிக்கடி முடங்கும் செயலி, பதிலே வராத வாடிக்கையாளர் மையம் என்றால் அது வங்கியின் கோளாறு. அப்போது கிளை மாறிப் பயனில்லை.

கிளம்பும் முன் புகாரை எழுத்தில் கொடுத்து, எண்ணோ முத்திரையிட்ட ஒப்புகையோ வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்து, ஐந்து நாளுக்குள் திரும்ப வராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீட்டை வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. கேட்காதவர்களுக்குப் பல சமயம் இது வருவதில்லை. இந்தப் பாக்கிகளையெல்லாம் கணக்கு உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. மூடிய பிறகு ஸ்டேட்மென்ட் எடுப்பதே பெரும்பாடு.

இனி, புதிய வங்கியைத் தேர்ந்தெடுப்பது. பலரும் வட்டியைத்தான் முதலில் கேட்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் பெரிய வங்கிகள் பலவும் 2.5 சதவீதம்தான் தருகின்றன. வேறொரு வங்கி ஒரு சதவீதம் கூடுதலாகத் தந்தாலும், சராசரியாக ரூ.50,000 வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ரூ.500. கார்டின் ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பிடித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே வட்டிப் பட்டியலை விடச் சேவைக் கட்டணப் பட்டியலைத்தான் உற்றுப் படிக்க வேண்டும். எல்லா வங்கிகளும் அதை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. வங்கிகளின் முகவரி இப்போது '.பேங்க்.இன்' என்று முடிய வேண்டும். கூகுளில் தேடி வரும் வேறு முகவரிகளில் விவரம் எதையும் பதியாதீர்கள்.

அந்தப் பட்டியலில் மினிமம் பேலன்ஸ் என்ற ஒரு வரியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'பத்தாயிரம் இருக்க வேண்டும்' என்றால் ஒவ்வொரு நாளும் பத்தாயிரம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை மூன்று லட்சம் வந்தால் சராசரி பத்தாயிரம். ஒரு லட்சத்தை மூன்று நாள் மட்டும் வைத்திருந்தாலும் கணக்கு நேராகிவிடும். மாறாக, 20 நாள் பத்தாயிரம் வைத்திருந்து, கடைசிப் பத்து நாள் துடைத்து எடுத்துவிட்டால் சராசரி ரூ.6,667-க்கு இறங்கி அபராதம் விழும். இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் தந்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் கொடுக்க வேண்டும். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் இருப்பு மைனஸுக்குப் போகக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் இதுதான் விதி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கி 2025 ஜூனிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. எந்த வங்கியிலும் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' கேட்டுத் தொடங்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு இல்லை, ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை, மாதம் நான்கு முறையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. கவுன்டரில் இந்தக் கணக்கைப் பற்றி அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஏ.டி.எம். கணக்கையும் போட்டுப் பாருங்கள். சொந்த வங்கி இயந்திரத்தில் மாதம் ஐந்து முறை, பிற வங்கி இயந்திரத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில் மூன்று முறை, மற்ற ஊர்களில் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் ரூ.23 வரை, வரி தனி. இருப்பு பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும். வீட்டுப் பக்கத்தில் எந்த வங்கி இயந்திரம் இருக்கிறதோ அந்த வங்கிக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் கட்டுப்பாடு வந்தபோது ரூ.25,000-க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. சில நாட்களில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டுப் பணம் பத்திரமாகத் திரும்பியது என்றாலும், அந்த நாட்களில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய சோதனை. மொத்தச் சேமிப்பையும் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள்.

கணக்கு தொடங்கும் முன் அந்தக் கிளைக்கு ஒரு நடை போய்வாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் காலை பதினொரு மணிக்குப் போனால் உண்மை தெரியும். டோக்கன் எந்த வேகத்தில் நகர்கிறது, பணம் போடும் இயந்திரம் ஓடுகிறதா, குறைதீர் அதிகாரியின் பெயர் பலகையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துத் தமிழில் மனிதர் பேச எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். கணக்கு வேண்டும் என்றவுடன் கூடவே காப்பீட்டுப் பாலிசியையும் தலையில் கட்டப் பார்க்கிற கிளை, பிறகும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

படிவம் நிரப்பும்போது நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். ஆதாரில் 'முருகன் கே', பான் கார்டில் 'கந்தசாமி முருகன்', பழைய பாஸ்புக்கில் 'கே.முருகன்'. மூவரும் ஒருவர் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வருமான வரித் தளத்தில் கணக்கைச் சரிபார்க்கும்போதும், வருங்கால வைப்பு நிதியில் இணைக்கும்போதும் இதனால் நிராகரிப்பு வரும். புதிய கணக்கைப் பான் கார்டில் உள்ள பெயரிலேயே தொடங்குங்கள்; ஆதாரில் வேறுபாடு இருந்தால் அதை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். கைபேசி எண் உங்கள் பெயரில், எப்போதும் உங்கள் கையில் இருப்பதாக இருக்கட்டும். நாமினி பகுதியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

புதிய கணக்கு ஓடத் தொடங்கியபின் இரண்டு கணக்கையும் மூன்று மாதமாவது சேர்த்து நடத்துங்கள். இந்த மூன்று மாதத்தில்தான் உண்மையான வேலை.

முதல் வேலை ஆதார். சமையல் எரிவாயு மானியம், பி.எம். கிசான் போன்ற தொகைகள் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் போகும். வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுத்தது வேறு, உதவித்தொகைக்காக இணைப்பது வேறு. முன்னதைச் செய்துவிட்டு 'ஆதார் லிங்க் ஆயிடுச்சு' என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகை பெறுவதற்கான தனி ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதில் பழைய வங்கியின் பெயரையும் குறித்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சில நாள் கழித்து 'மைஆதார்' தளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால், எந்த வங்கி, என்றைக்கு இணைந்தது என்று காட்டும். அங்கே புதிய வங்கியின் பெயர் வரும்வரை பழைய கணக்கைத் தொடவே கூடாது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதை நீங்களே செய்து கொடுங்கள். மாதம் வருகிற சிறு தொகை நின்றுபோனால் அவர்கள்தான் வெயிலில் அலைவார்கள்.

இரண்டாவது, கணக்கில் தானாகக் கழியும் தவணைகள்: கடன் இ.எம்.ஐ., எல்.ஐ.சி. பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட். பழைய ஸ்டேட்மென்ட்டை முழுதாக ஓராண்டுக்கு எடுத்துப் பார்த்தால்தான் ஆண்டுக்கு ஒருமுறை கழிவதும் கண்ணில் படும். கடன் தந்த நிறுவனத்துக்குப் புதிய கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும்படி உத்தரவு எழுதிக் கொடுத்து, அது பதிவானதாகத் தகவல் வரும்வரை பழைய கணக்கில் தவணைத் தொகையை வைத்திருக்க வேண்டும். தவணை தேதி 5 என்றால், அது கழிந்த மறுநாளே விண்ணப்பியுங்கள். முழு மாதம் கையில் கிடைக்கும். இந்த உத்தரவுகள் நிராகரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் கையெழுத்து ஒத்துப்போகாததே காரணம். ஒரு தவணை திரும்பினால் வங்கியும் கடன் நிறுவனமும் தனித்தனியே அபராதம் போடும். பாக்கி இழுத்துக்கொண்டே போனால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வருமான வரித் தளம், டீமேட் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு), ஓய்வூதியம், வாடகை தருபவர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். பழைய வங்கியில் நிரந்தர வைப்பு (எஃப்.டி.) இருந்தால் அதை உடைக்கத் தேவையில்லை. முதிர்வுத் தொகையும் வட்டியும் போகும் கணக்கை மட்டும் மாற்றி எழுதிக் கொடுங்கள். லாக்கர் வாடகை அந்தக் கணக்கில்தான் கழிகிறது என்றால் அதையும் முதலில் பேசி முடிக்க வேண்டும்.

யாருக்காவது இனி வரப்போகும் தேதியிட்டுக் காசோலை கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்காமல் மூடாதீர்கள். 'கணக்கு மூடப்பட்டது' என்று காசோலை திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ் வழக்கு வரும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

மூடும் நாளில் கடைசி மூன்று ஆண்டு ஸ்டேட்மென்ட், வட்டிச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள காசோலைத் தாள்களையும் கார்டையும் ஒப்படையுங்கள். கூட்டுக் கணக்கென்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். மூடும் கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். பாரத ஸ்டேட் வங்கி, ஓராண்டு கடந்த சேமிப்புக் கணக்குகளை மூட 2017 அக்டோபரிலிருந்து கட்டணம் வாங்குவதில்லை. கணக்கு மூடப்பட்டதாக எழுத்தில் ஒரு கடிதம் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். மூடாமல் அப்படியே விட்டாலும் தொல்லைதான்: இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகும், பத்து ஆண்டு கழிந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, ஆனால் கேட்டுத் திரும்பப் பெற வேண்டும்.

இவ்வளவு வேலையையும் வாடிக்கையாளரின் தலையில் சுமத்தியிருப்பதுதான் வங்கிகளுக்கு இருக்கும் தைரியம். கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அப்படியொரு வசதி வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த எஸ்.எஸ். முந்த்ராவே பேசினார். பிரிட்டனில் 2013 முதல், புதிய வங்கியே எல்லாத் தவணைகளையும் ஏழு வேலை நாட்களில் மாற்றித் தருகிறது. பழைய கணக்குக்கு வரும் பணமும் தானாகப் புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறது. இங்கே கணக்கு எண்ணைச் சுமந்து செல்லும் வசதி தாமதமானாலும், ஆதார் இணைப்பையும் தானியங்கித் தவணைகளையும் ஒரே விண்ணப்பத்தில் புதிய வங்கியே மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். அதற்கு ஒரு கெடுவும், தவறினால் நாளுக்கு இவ்வளவு என்ற இழப்பீடும் வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
திருச்சிராப்பள்ளி.