ஸ்டெல்லாவுக்கு, ஆனதோத் தோட்டத்தப் பத்தி

அன்புள்ள ஸ்டெல்லா,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவன் காலேஜுக்குப் போயிட்டான்.

போன்ல பாதில விட்டேனே அந்த தோட்டம், அதச் சொல்றேன். இங்க நார்த் கரோலினாவுல டர்ஹாம் பக்கத்துல சீடர் குரோவ்னு ஒரு கிராமம், அங்க மெத்தடிஸ்ட் சர்ச்சுக்காரங்க ஆரம்பிச்சது, பேரு ஆனதோத். உனக்கு உடனே தெரிஞ்சிருக்கும், பைபிள்ல பாபிலோன்காரன் எருசலேம முற்றுகை போட்டு நிக்கிறப்ப எரேமியா தீர்க்கதரிசி 17 சேக்கல் வெள்ளி குடுத்து நிலம் வாங்கினாரே, அந்த ஊர் பேருதான். 2004-ல இங்க ஒரு கடைக்காரர சுட்டுக் கொன்னுட்டாங்க, ஊரே கலங்கிப்போய் ஜெபத்துக்குக் கூடுனப்ப, ஒரு கறுப்பின அம்மா தன்னோட 5 ஏக்கர் நிலத்த எழுதிக் குடுத்துட்டாங்க, அதுவும் வெள்ளக்காரங்க அதிகமா இருக்கற சர்ச்சுக்கு. இந்தப் பக்கத்துல அது சின்ன விஷயம் இல்லடி, அவங்க ஜனங்க தலைமுறை தலைமுறையா அடுத்தவன் நிலத்துல விளைச்சல்ல ஒரு பங்குக்கு உழைச்சவங்க. 2005-ல தோட்டம் ஆரம்பிச்சாச்சு.

நான் சர்ச்சுக்குப் போறவ இல்ல, ஆனாலும் வான்னு கூப்பிட்டாங்க. மண்ணு செம்மண் களி, காஞ்சா கல்லு மாதிரி, கம்போஸ்ட் போட்டுப் போட்டுத்தான் பொலபொலன்னு ஆக்கணும், அத எப்படின்னு பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாங்க. வேலைக்கு நடுவுல கொஞ்ச நேரம் ஜெபம், விருப்பம் இல்லாதவங்க சும்மா உக்காந்திருக்கலாம், அப்புறம் எல்லாரும் சேந்து சாப்பாடு. வெண்டைக்கா விதைய ராத்திரி ஊறப்போடுவோம்னு சொன்னேன், ஒரு பாட்டி எங்கம்மாவும் அப்படித்தான்னாங்க. ஆப்பிரிக்காவுலருந்து அடிமையா பிடிச்சுட்டு வந்த சனங்களோட வந்த காய் அது, அத அவங்க கூடவே நட்டப்ப எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சமாதானம்னு மேடை போட்டுப் பேசறத விட, ஒரே பாத்தியில ரெண்டு பேர் களை பிடுங்கறப்ப நிறைய நடக்குதுன்னு நான் நம்பறேன்.

உங்க கோயில் காம்பவுண்டுல பின்பக்கம் சும்மா கெடக்குன்னு எழுதிருந்தியே, கமிட்டில பேசு. வாசல் கேட்டை மட்டும் பூட்டாதீங்க, தெருப் பிள்ளைங்க எல்லாரும் வரணும், சபைக்காரங்க மட்டும்னா வேண்டாம். அங்க போர் தண்ணி இருக்கா, உப்பா? அதுக்குத் தக்கன என்ன போடலாம்னு இவங்ககிட்ட கேட்டு எழுதறேன்.

அன்புடன்,
கலா