ஹவாய் மக்கள் போட்ட கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் சௌக்கியம். சின்னவளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பத்திரிகை அடித்ததும் நானும் உன் தங்கையும் நேரில் வந்து அழைக்கிறோம்.

அமெரிக்கா கிரீன்லாந்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிற விவகாரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நாடு பிடிக்கிற புத்தி இங்கிலீஷ்காரனுக்குத்தான் இருந்தது, அமெரிக்காக்காரனுக்கு அது இப்போதுதான் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1898-ஐ எடுத்துக்கொள். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் என்று அந்த ஒரே வருஷத்தில் எழுதி வாங்கினார்கள். கியூபாவில் படையைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மற்றதெல்லாம் ஸ்பெயினோடு நடந்த சண்டையில் வந்தவை. ஹவாயோடு அவர்களுக்குச் சண்டையே கிடையாது. அது பசிபிக் கடலில் இருந்த தனித் தீவு நாடு, நட்பு நாடு. அதனால்தான் அந்தக் கதை எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எல்லாம் சர்க்கரையில் ஆரம்பித்தது. 1875-இல் போட்ட ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் வரி இல்லை. பதினைந்தே வருஷத்தில் ஏற்றுமதி பத்து மடங்கு ஆனது. கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் குடும்பங்களின் கையில். 1887-இல் அவர்களுடைய ஆட்கள் துப்பாக்கியோடு வந்து மிரட்டி, மன்னர் கலாகவுவிடம் ஒரு புது அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சொத்து இருந்தால்தான் மேல்சபைக்கு ஓட்டு என்று ஆனதில் மண்ணின் மக்களில் பெரும்பாலோர் அந்த உரிமையை இழந்தார்கள். 1890-இல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, தன் நாட்டு விவசாயிக்கு மட்டும் பவுண்டுக்கு இரண்டு சென்ட் மானியம் கொடுத்தது. ஹவாய்த் தோட்டங்கள் ஆட்டம் கண்டன. நாட்டையே அமெரிக்காவோடு சேர்த்துவிட்டால் என்ன என்று சிலர் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார்கள்.

அண்ணனுக்குப் பிறகு அரியணை ஏறிய ராணி லிலியுவோகலானி, அந்தச் சட்டத்தை மாற்ற முயன்றார். 1893 ஜனவரி 16 அன்று 'பாஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி, அரண்மனைக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டார்கள். இறக்கியவர் அங்கிருந்த அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ். மறுநாள் பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி, ராணியின் ஆட்சி முடிந்தது என்று அறிவித்தது. ரத்தம் சிந்தக்கூடாது என்று ராணி ஒதுங்கினார். அப்போதும் கமிட்டியிடம் சரணடையவில்லை. அமெரிக்காவின் படைபலத்துக்குத்தான் பணிகிறேன், அந்த அரசாங்கம் உண்மையை அறிந்து என் உரிமையைத் திருப்பித் தரும்வரை பணிகிறேன் என்று எழுதியே கொடுத்தார்.

அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்து ஆள் அனுப்பி விசாரித்து, நடந்தது அநியாயம் என்று அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸிலேயே சொன்னார். சொன்னதோடு சரி. பதவியில் உட்கார்ந்தவர்கள் இறங்க மறுத்து, 1894-இல் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஒரு கிளர்ச்சி தோற்றது. ராணியைக் கைது செய்து, அவருடைய அரண்மனை மாடியிலேயே ஓர் அறையில் சுமார் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். செய்தித்தாள் கொடுக்க அனுமதி இல்லை. வெளியிலிருந்து வரும் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்களாம். பூவைப் பிரித்து எடுத்துவிட்டு அந்தத் தாளைப் படிப்பார் என்று ஹவாய்க்காரர்கள் சொல்வார்கள்.

மாப்பிள்ளை, இதற்கு மேல்தான் நான் உன்னிடம் சொல்ல நினைத்தது இருக்கிறது. 1897-இல் அதிபர் மெக்கின்லி ஹவாயைச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை அமெரிக்க மேல்சபையான செனட்டுக்கு அனுப்பினார். அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஹவாய் மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை, எங்களைச் சேர்க்காதீர்கள் என்று மனு எழுதினார்கள். ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் தீவு தீவாகப் போய்க் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கின. எம்மா நவாஹி என்ற பெண்மணி ஹிலோ ஊருக்குப் போய்ப் பேசினார். அந்த மனுத்தாள்களை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். மேலே ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் கோரிக்கை. கீழே வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் வயது. ஆண்களுக்குத் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள். மொத்தம் 556 பக்கம், 21,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அந்தச் சமயத்தில் குழந்தை குட்டிகளையும் சேர்த்து ஹவாய் இனத்தவர் மொத்தமே சுமார் 40,000 பேர்தான். யோசித்துப் பார், கையெழுத்துப் போடத் தெரிந்த வயதில் யார் மிச்சம் இருந்திருப்பார்கள்?

நான்கு பிரதிநிதிகள் அதை எடுத்துக்கொண்டு டிசம்பரில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். ராணியும் அப்போது அங்கேதான் இருந்தார். மாசசூசெட்ஸ் செனட்டர் ஜார்ஜ் ஹோர் மனுவை வாங்கிச் செனட்டில் வைத்தார். இவர்கள் ஒவ்வொரு செனட்டராகப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். பிப்ரவரியில் ஊர் திரும்பும்போது ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 46 ஓட்டுகள்தான் தேறின, தேவைப்பட்டது 60. ஒப்பந்தம் செத்துப்போனது. ஒரு சின்ன நாட்டு ஜனங்கள், கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய வல்லரசைத் தடுத்து நிறுத்தினார்கள்! இது ஏன் எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஆனால் அதே பிப்ரவரியில் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து சுமார் 260 பேர் செத்தார்கள். ஏப்ரலில் ஸ்பெயினோடு போர். மே மாதம் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஸ்பெயின் கப்பற்படை அழிந்தது. மணிலாவுக்குப் போகும் படைக்கப்பல்களுக்கு நடுக்கடலில் நிலக்கரி வேண்டுமே, ஹொனலுலு இல்லாமல் முடியாது என்ற பேச்சு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை ஓரம்கட்டிவிட்டு, இரண்டு சபைகளும் ஓட்டுப் போடுகிற கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பிரதிநிதிகள் சபையில் 209-க்கு 91, செனட்டில் 42-க்கு 21. ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்துப் போட்டார். மனுவை வாங்கி வைத்த ஹோரும் இந்தத் தடவை ஆதரித்தார் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஆகஸ்ட் 12 அன்று அரண்மனையில் ஹவாய்க் கொடியை இறக்கினார்கள். ராணி அந்தப் பக்கமே போகவில்லை. அவருடைய மக்களில் பெரும்பாலோரும் போகவில்லை.

அதே ஹோர், சில மாதத்தில் பிலிப்பைன்ஸை இரண்டு கோடி டாலருக்கு ஸ்பெயினிடம் வாங்கும் ஒப்பந்தம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தார். ஏற்கெனவே சுதந்திரம் அறிவித்திருந்த நாடு அது. 57-க்கு 27, தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகமாக வாங்கி அது நிறைவேறியது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் சண்டை தொடங்கியிருந்தது. போரிலும் பஞ்சத்திலும் காலராவிலுமாக இரண்டு லட்சம் பொதுமக்களாவது செத்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஹவாயில் ஒரு தடவை கதவு திறந்ததால்தான் அடுத்தது இவ்வளவு சுலபமாக நடந்தது என்பது என் எண்ணம்.

அந்த மனு என்ன ஆனது தெரியுமா? வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் நூறு வருஷம் கிடந்தது. தங்கள் முன்னோர் வாயைத் திறக்காமல் நாட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தே பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1990-களில் நோயெனோய் சில்வா என்ற ஹவாய் ஆய்வாளர் அதைத் தேடி எடுத்தார். பிரதிகளை ஊரில் வைத்தபோது ஜனங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்கள் பாட்டன் பாட்டி பெயரைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசும் 1993-இல் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதனால் கிரீன்லாந்து செய்தியைப் படிக்கும்போது, அந்த ஊர் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்ற பத்தியை முதலில் தேடிப் படி. பிலிப்பைன்ஸ் கதை இன்னும் நிறைய இருக்கிறது, பத்திரிகை வைக்க வரும்போது உட்கார்ந்து பேசலாம். அக்காவைக் கேட்டதாகச் சொல். பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்