ரிச்சி தெருவில் உதவிய தம்பிக்கு நன்றி

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்ததால், என் மடிக்கணினியை 11க்கு மாற்றினேன். அடுத்து கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸும் புதுப்பிக்கப்பட்டது. அப்புறம் திறந்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. உள்ளே எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர் முழுவதும் இருந்தது, அச்சகத்துக்குப் போக வேண்டிய நேரம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "ஃபார்மட் பண்ணணும், எதுவும் மிஞ்சாது" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பக்கத்தில் ஏதோ கேபிள் வாங்க நின்றிருந்த தம்பிதான், "அவசரப்படாதீங்க சார், இது பிட்லாக்கர் பூட்டு, கணினியில் இருக்கிறதை வேறு யாரும் படிக்காம காக்கிற வின்டோஸ் வசதி" என்றார். பயோஸ் மாறியதும் உள்ளேயிருக்கும் பாதுகாப்பு சிப் சந்தேகப்பட்டுப் பூட்டிவிடுகிறதாம். கோப்புகள் பத்திரமாகவே இருக்குமாம். என் கைபேசியிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறக்கச் சொன்னார். திரையில் தெரிந்த அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளைக் கணக்கில் இருந்ததோடு ஒப்பிட்டுச் சரியான எண்ணைக் காட்டினார். ஆறாறு இலக்கமாக அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். திறந்துவிட்டது! அத்தனை பக்கமும் அப்படியே இருந்தது.

அதோடு விடவில்லை. எண்ணைத் தாளில் எழுதவைத்தார். இனி பயோஸ் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்று, அந்த இடத்தையும் காட்டிக்கொடுத்தார். பணம் நீட்டினால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பெயர் கேட்பதற்குள் கிளம்பியும் விட்டார்.

தம்பி, நீங்கள் செய்தது பெரிய உதவி. மனமார்ந்த நன்றி. மலர் அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் கேபிள் வாங்கிய அதே கடையில் உங்களுக்கென்று ஒரு பிரதி கொடுத்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.